ஜே.பி.யா, ஐம்பத்தொன்பதா, இ.எம்.ஜி.யா: மண்டப மேடைக்கு எந்த பிக்கப்?

கோலாலம்பூரில் கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் வாசிக்கும் கித்தார்காரர்களின் வழக்கமான புலம்பல் இது: "வீட்டுல நல்லாதான் இருக்கு, மேடை ஏறினா கித்தார் எங்க போச்சுன்னே தெரியல." இரண்டு கீபோர்டு, தபேலா, ரிதம் பேட், முன்னால் பாடகர்கள் என்று வரிசைகட்டி நிற்கும்போது கித்தார் அமுங்கிப்போவது உண்மைதான். அதற்குப் பலரும் செய்யும் கைவைத்தியம், 'ஹாட்' (பலம் கூடியது) என்று பெயரெடுத்த ஒரு பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் காந்தச் சுருளை, தேடி வாங்கிப் போடுவது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: மெல்லிசை மேடைக்கு அது பெரும்பாலும் எதிர்ப்பலனைத்தான் தரும். சத்தம் கூடும், தெளிவு குறையும். தெளிவு குறைந்த கித்தாரை மிக்ஸர்காரர் இன்னும் கீழேதான் இறக்குவார்.

இங்கே ஒப்பிடுவது பிரிட்ஜ் பக்கம் போடும் நான்கு ஹம்பக்கர்களை (இரைச்சலைத் தணிக்க இரண்டு சுருள் வைத்த பிக்கப்): சீமோர் டங்கனின் ஜே.பி., அதே நிறுவனத்தின் 59, டிமார்சியோவின் சூப்பர் டிஸ்டார்ஷன், இ.எம்.ஜி. 81. ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர் வகைக் கித்தார்) வைத்திருப்பவர்களுக்காக டங்கனின் எஸ்.எஸ்.எல்.-1 என்ற சிங்கிள் காயிலும் (ஒற்றைச் சுருள்), இரைச்சல் இல்லாத அடுக்குச் சுருள் வகையும் பின்னால் வருகின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவான அளவுகோல்: 10–46 நிக்கல் தந்தி, 6 மீட்டர் கேபிள், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் பாட் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மாறுதடை), 0.022 மைக்ரோ ஃபாரட் டோன் கேப்பாசிட்டர். இ.எம்.ஜி.க்கு மட்டும் அதனுடன் வரும் 25 கிலோ ஓம் பாட். ஒலி அளவை ஆம்ப்பில் சமப்படுத்திய பிறகே எதையும் ஒப்பிட வேண்டும். இரண்டு பிக்கப்பில் சத்தம் கூடுதலாக இருப்பதுதான் 'நல்ல டோன்' என்று காது சொல்லும். கடையில் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்

பிக்கப் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது டி.சி. மின்தடை. ஜே.பி. 16 கிலோ ஓமுக்குச் சற்று மேலே, சூப்பர் டிஸ்டார்ஷன் 13.7 அளவில், 59 பிரிட்ஜ் 8-ஐ ஒட்டி. இதைப் பார்த்து ஜே.பி. இரண்டு மடங்கு பலம் என்று கணக்குப் போட்டால் தப்பு. 59-இல் சுற்றியிருப்பது 42-ஆம் கேஜ் செம்புக் கம்பி, ஜே.பி.யில் 44-ஆம் கேஜ், அதைவிட மெல்லியது. மெல்லிய கம்பிக்கு அதே நீளத்துக்கே தடை அதிகம். ஆக 8-லிருந்து 16-க்கு ஏறியதில் ஒரு பங்கு சுற்று கூடியதால் வந்தது, இன்னொரு பங்கு கம்பி மெலிந்ததால் வந்தது. மின்தடை டோனைச் சொல்லாது. சுருள் அறுந்திருக்கிறதா இல்லையா என்று பார்க்க மட்டும் நன்றாக உதவும்.

இன்னொரு உள்ளூர்ச் சிக்கலும் உண்டு. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு ஏறும். குளிர்நாட்டுத் தொழிற்சாலையில் 20 டிகிரியில் அளந்த 8.1 கிலோ ஓம், நம் ஊர் 32 டிகிரியில் 8.5 காட்டும். மல்டிமீட்டரில் இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு 'டூப்ளிகேட்' என்று விற்றவரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போக வேண்டாம்.

டோனைத் தீர்மானிப்பது தூண்டல், அதாவது ஹென்றியில் அளக்கும் இண்டக்டன்ஸ். அந்தத் தூண்டலும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் உச்சி போடும். அந்த உச்சியைத் தாண்டினால் ஒலி சரசரவென்று இறங்கிவிடும். சாதாரண கித்தார் கேபிள் மீட்டருக்கு 100 பிக்கோ ஃபாரட் அளவு. 6 மீட்டருக்கு 600, பிக்கப்புக்குள்ளேயே இருப்பதற்கு ஒரு 100 என்று வைத்துக்கொள்ளலாம். ஜே.பி.யின் தூண்டலைச் சுமார் 8 ஹென்றி என்று எடுத்தால் உச்சி 2100 ஹெர்ட்ஸில் விழுகிறது. 59-க்கு 5 ஹென்றி என்றால் 2700. ஸ்ட்ராட் சிங்கிள் காயிலுக்கு 2.5 ஹென்றி, உச்சி 3800. 'இருட்டு டோன்', 'பளிச் டோன்' என்று நாம் பேசுவதெல்லாம் முக்கால்வாசி இந்த எண்ணைப் பற்றித்தான்.

இப்போது கேபிளை மட்டும் 3 மீட்டராக்குங்கள். ஜே.பி.யின் உச்சி 2800-க்கு ஏறிவிடுகிறது. அதாவது குட்டைக் கேபிளோடு ஜே.பி.யும் நீளக் கேபிளோடு 59-ம் ஏறத்தாழ ஒரே இடத்தில் உச்சி போடுகின்றன. பிக்கப் மாற்றுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான். மேடையில் 10 மீட்டர் கேபிளைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு பெடலுக்கு இரண்டடி தள்ளி நிற்பவர் எந்த பிக்கப் போட்டாலும் ஒலி மூடித்தான் இருக்கும்.

ஜே.பி.

1970-களின் தொடக்கத்தில் ஜெஃப் பெக்குக்காக சீமோர் டங்கன் அமைத்துக் கொடுத்த கித்தாரிலிருந்து வளர்ந்த வடிவம் இது. அல்னிகோ 5 காந்தம். மாற்று பிக்கப் என்றால் உலகம் முழுக்க முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று. இங்கேயும் பழைய கித்தார் விற்கும் விளம்பரங்களில் 'ஜே.பி. போட்டது' என்ற வரி விலையை ஏற்றும்.

டிஸ்டார்ஷன் ஏற்றி, ஒரு தந்தியில் சோலோ வாசிக்கும்போது ஜே.பி. உண்மையிலேயே பாடுகிறது. மேல் மத்தியில் (நடு ஒலிக்குச் சற்று மேலே) ஒரு கூர் இருக்கிறது. அந்தக் கூர்தான் இதன் முகம். சிக்கல் அதிலேயே இருக்கிறது. சுத்தமான ஒலியில், 80-களின் திரைப்பாட்டுகளில் வரும் சக்கு-சக்கு ரிதம் வெட்டும்போது, அந்தக் கூர் பாடகியின் குரல் உட்காரும் அதே இடத்தில் போய் இடிக்கிறது. கீழே மந்திரத் தந்திகள் தளர்ந்து கேட்கும். கார்டு முழுவதையும் அடித்தால் ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்காமல் ஒரே கட்டியாக வரும்.

இதற்கு மலிவான மருந்து இருக்கிறது: வால்யூம் பாட்டை 500-லிருந்து 250 கிலோ ஓமுக்கு மாற்றுவது. உச்சியின் உயரம் குறையும், கூர் மழுங்கும். ஜே.பி. பிடிக்கவில்லை என்று கழற்றி விற்கப் போகிறவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம். ஒரே வால்யூம் பாட் இரண்டு பிக்கப்புக்கும் பொதுவாக இருக்கும் கித்தாரில் நெக் பக்க (கழுத்துப் பக்க) பிக்கப்பும் சேர்ந்து மூடிப்போகும் என்பதால் அங்கே வேறு வழி: ஜே.பி.யின் சூட்டு முனையிலிருந்து (சமிக்ஞை வரும் ஒயர்) நிலத்துக்கு (எர்த்) 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, சுவிட்சுக்கு முன்னால். அப்போது பிரிட்ஜ் மட்டும் 250 அளவு சுமையைப் பார்க்கும், நெக் தப்பித்துவிடும்.

சுருளைப் பிரித்து ஒற்றைச் சுருளாக ஓட்டுவதற்கு இந்த நான்கில் ஜே.பி.தான் கெட்டி. பாதியான பிறகும் 8 கிலோ ஓம் மிஞ்சுகிறது. ஒலி மெலிந்து காணாமல் போவதில்லை.

59

கிப்சனில் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் 1957-இல் கித்தார்களில் வரத் தொடங்கியது. அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது' என்ற சீட்டு ஒட்டியிருந்ததால் அந்தக் காலத்துப் பிக்கப்களுக்கு அதன் ஆங்கிலச் சுருக்கமான 'பாஃப்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஒவ்வொரு சுருளிலும் 42-ஆம் கேஜ் கம்பியில் ஏறத்தாழ 5000 சுற்று. டங்கன் 59 அந்த வழியில் வந்தது, காந்தம் அல்னிகோ 5.

முதல் தடவை மாட்டும்போது ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஜே.பி.யிலிருந்து வருகிறவருக்கு சத்தம் இறங்கிப்போனதாகத் தோன்றும். பெடலின் உள்ளீட்டை அதற்கேற்ப ஏற்றிவிட்டு மறுபடி கேட்க வேண்டும். அப்போது தெரியும்: ஆறு தந்தியும் தனித்தனியாக நிற்கின்றன, அடித்தந்தி இறுக்கம், மத்தி கொஞ்சம் பள்ளம். அந்தப் பள்ளத்தில்தான் கீபோர்டின் ஸ்ட்ரிங்ஸ் ஒலி வந்து உட்காரும். கித்தார் ஒதுங்கி இடம் விட்டுக் கொடுத்து, மேலே தன் இடத்தில் தெளிவாகக் கேட்கும். மண்டப மேடைக்கு இதை முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் இதுதான்.

வால்யூமைக் குறைத்தால் டிஸ்டார்ஷன் சுத்தமாகும் தன்மையும் 59-இல் சிறப்பு. பாட்டு நடுவில் பெடலை மிதிக்காமல் சுண்டுவிரலாலேயே ரிதத்துக்கும் சோலோவுக்கும் போய்வரலாம். ஆனால் வால்யூம் பாட்டைக் குறைக்கும்போது மேல் ஒலி போய்விடும். அதைத் தடுக்க வால்யூம் பாட்டின் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே 1000 பிக்கோ ஃபாரட் கேப்பாசிட்டரையும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் இணையாகச் சாலிடர் செய்தால் போதும். சில வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடியும் வேலை.

குறை: ஒற்றைச் சுருளாகப் பிரித்தால் 4 கிலோ ஓம்தான் மிச்சம். மேடையில் அது கேட்கவே கேட்காது. பிரித்து ஓட்டும் ஆசை இருந்தால் 59 வேண்டாம்.

சூப்பர் டிஸ்டார்ஷன்

லாரி டிமார்சியோ 1972-இல் கொண்டுவந்தது. தனியாக வாங்கி மாட்டும் பிக்கப் என்ற வியாபாரத்தையே தொடங்கி வைத்தவற்றில் முதன்மையானது. செராமிக் காந்தம். ஜே.பி.யைவிடக் கீழ்ஒலி தடிமன், மேல் மத்தியில் அந்தக் கூர் இல்லை. வால்வ் ஆம்ப்பை முட்டித் தள்ளி டிஸ்டார்ஷன் வாங்குவதற்காகப் பிறந்தது. அந்த வேலையில் இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. ஆனால் நம் மேடைகளில் வால்வ் ஆம்ப் எங்கே இருக்கிறது? மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியிலிருந்து நேராக மிக்ஸருக்குப் போகும் ஏற்பாடுதான் எங்கும். அந்தப் பெட்டியின் உள்ளீட்டில் இவ்வளவு பலத்தைக் கொட்டினால் டிஜிட்டல் முனை வெட்டுப்படும். அந்த வெட்டு காதுக்கு இனிக்காது. பிக்கப்பை 3 மில்லிமீட்டருக்கு இறக்கினால் ஓரளவு அடங்கும். இறக்கித்தான் வாசிக்க வேண்டுமென்றால் எதற்கு இதை வாங்குவது என்பது வேறு கேள்வி. ராக் குழு வைத்திருப்பவர்கள் வாங்கலாம்.

இ.எம்.ஜி. 81

இது வேறு சாதி. உள்ளே சுற்று குறைவு. பக்கத்திலேயே சின்ன பிரீஆம்ப் (முன்பெருக்கி) ஒன்று 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. வெளியே வரும் சமிக்ஞை குறைந்த மின்மறுப்புடையது, ஏறத்தாழ 10 கிலோ ஓம். அதனால் மேலே பார்த்த கேபிள் கணக்கு எதுவும் இதைத் தொடாது. 10 மீட்டர் கேபிளிலும் அதே ஒலி.

மண்டப மேடையில் இது பெரிய வசதி. சில இடங்களில் கித்தாரை மிக்ஸருக்குப் பொருத்தும் டி.ஐ. பெட்டி இருக்காது, 'கேபிளைக் கொடுங்க அண்ணே' என்று வாங்கி மிக்ஸரின் லைன் ஓட்டையில் குத்திவிடுவார்கள். அந்த ஓட்டையின் உள்ளீட்டு மறுப்பு 10 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும். சாதாரண பிக்கப்புக்கு 1 மெகா ஓம் வேண்டும். 10 கிலோ ஓமில் போட்டால் மேல் ஒலியும் பலமும் சேர்ந்து விழுந்துவிடும், கம்பளிக்குள் வைத்து வாசித்த மாதிரி. இ.எம்.ஜி. அங்கேயும் பிழைத்துக்கொள்ளும். மின்விளக்குகளின் இரைச்சலும் மிகக் குறைவு.

டோன்? இறுக்கம், நேர்த்தி, ஒரே மாதிரி. மெதுவாக மீட்டினாலும் ஓங்கி அடித்தாலும் ஒலியின் நிறம் அதிகம் மாறாது. மெட்டல் வாசிப்பவருக்கு அது வரம். விரல் அழுத்தத்தில் பாவம் காட்ட நினைப்பவருக்கு அது சுவர். சுத்த ஒலியில் 81 கொஞ்சம் வறட்சி. நெக் பக்கம் அல்னிகோ 5 காந்தமுள்ள 85-ஐப் போட்டுக்கொண்டால் மெல்லிசை ரிதத்துக்கு அது கைகொடுக்கும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு மூன்று. 25 கிலோ ஓம் பாட் கட்டாயம். பழைய 500-ஐயே விட்டுவிட்டால் வால்யூம் கடைசி நூலிழையில் திடீரென்று பாயும். ஸ்டீரியோ ஜாக் கட்டாயம். கேபிள் குத்தும்போதுதான் பேட்டரியின் எதிர்முனை நிலத்தோடு சேரும். வாசித்து முடிந்ததும் கேபிளைப் பிடுங்காமல் கித்தாரைச் சாய்த்து வைத்தால் பேட்டரி விடிய விடிய ஓடும். பழைய கித்தாரில் பிரிட்ஜுக்குப் போகும் நில ஒயரை இதில் கழற்றிவிடலாம். சாதாரண பிக்கப் ஒன்றையும் இ.எம்.ஜி. ஒன்றையும் ஒரே வால்யூம் பாட்டில் கலந்து மாட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். இரண்டில் ஒன்று கெடும்.

ஒரு பிக்கப்புக்கு ஆல்கலைன் பேட்டரி 3000 மணி நேரம் தாங்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. இரண்டு இருந்தால் பாதி. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கட்டுக்கட்டாக விற்கும் கார்பன்-சிங்க் பேட்டரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, நாள்பட்டால் ஒழுகவும் செய்யும். மல்டிமீட்டரில் 7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிட வேண்டும். அதற்குக் கீழே ஒலி கரகரத்து உடையத் தொடங்கும்.

இந்த நான்கில் போலி அதிகம் நடமாடுவது இ.எம்.ஜி. பெயரில்தான். கறுப்பு பிளாஸ்டிக் மூடிக்குள் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாதே! சோதனை சுலபம்: பேட்டரியைக் கழற்றிவிட்டு வாசியுங்கள். அசலில் சத்தம் வராது. வழக்கம்போல் கேட்டால் மூடிக்குள் இருப்பது சாதாரண பிக்கப். மல்டிமீட்டரில் ஓம் அளந்து இதைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். பிரீஆம்ப் இருக்கும் இடத்தில் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

ஸ்ட்ராட்காரர்களுக்கு

எஸ்.எஸ்.எல்.-1, 6.5 கிலோ ஓம், அல்னிகோ 5 தண்டுகள் (ஒவ்வொரு தந்திக்கும் கீழே ஒரு காந்தத் தண்டு). சுத்த ஒலியில் இதற்குப் பக்கத்தில் மேலே சொன்ன எந்த ஹம்பக்கரும் வராது. மணி போல நிற்கும். ஆனால் இரண்டு சிக்கல்.

ஒன்று, தண்டுகளின் உயரம். ஸ்ட்ராட் வந்த 1954-இல் மூன்றாவது தந்தி கம்பி சுற்றியது; அதன் பலவீனத்தை ஈடுகட்ட அந்தத் தண்டை உயர்த்தி வைத்தார்கள். இன்றைய 10–46 தந்திக் கட்டில் மூன்றாவது தந்தி வெறும் கம்பி. பழைய உயரத்திலேயே தண்டு நிற்கும் பிக்கப்பில் அது மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும். ராகம் வாசிப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை, ஏனென்றால் மத்திய ஸ்தாயியின் பாதிப் பிடிகள் அந்தத் தந்தியில்தான். அல்னிகோ தண்டைச் சுத்தியலால் தட்டி இறக்கப் போனால் உள்ளே ஒட்டியிருக்கும் கம்பி அறுந்துபோகும், தட்டவே கூடாது. தண்டுகள் சமமாக நிற்கும் எஸ்.எஸ்.எல்.-2 இதற்கென்றே இருக்கிறது. அதை வாங்கலாம்.

இரண்டு, இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சிங்கிள் காயில் அதை அப்படியே பிடித்துக் கொடுக்கும். மண்டபத்தில் விளக்கு மங்கவைக்கும் டிம்மர்களும் எல்.இ.டி. திரையும் ஓடத் தொடங்கினால் 'உம்ம்' போய் 'ஜ்ஜ்ஜ்' வரும். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் நின்றால் அது மின்புலத்தால் வருவது. பிக்கார்டின் (முகப்புத் தகடு) அடியிலும் குழியிலும் செம்பு நாடா ஒட்டி நிலத்தோடு இணைத்தால் அடங்கும். தொட்டாலும் மாறாமல், உடம்பைத் திருப்பினால் மட்டும் கூடிக் குறைந்தால் அது மின்மாற்றிகளின் காந்தப்புலத்தால் வருவது. எத்தனை நாடா ஒட்டினாலும் போகாது. சுவிட்சின் 2-ஆம், 4-ஆம் நிலைகளில் (இரண்டு பிக்கப் சேர்ந்து ஓடும் இடங்கள்) மட்டும் இரைச்சல் போக வேண்டுமென்றால் நடு பிக்கப் காந்தமும் சுற்றும் தலைகீழான வகையாக இருக்க வேண்டும். மூன்றையும் சேர்த்து வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

முழுக்கப் போக வேண்டுமென்றால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுருள் வைத்த அடுக்குச் சுருள்தான். டிமார்சியோ ஏரியா வரிசை, ஃபெண்டரின் நாய்ஸ்லெஸ் இந்த வகை. மணியோசையில் கொஞ்சம் இழப்பு இருக்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டும். அறையில் உட்கார்ந்து கேட்டால் எஸ்.எஸ்.எல்.-1 ஜெயிக்கும். எல்.இ.டி. திரைக்கு முன்னால் நின்றால் ஏரியா ஜெயிக்கும். மாதத்தில் நாலு கல்யாணம் வாசிப்பவர் யோசிக்கவே வேண்டியதில்லை.

1946-இல் வந்த பி-90 பற்றியும் கேட்பார்கள். 42-ஆம் கேஜில் 10,000 சுற்று, அடியில் இரண்டு அல்னிகோ பட்டை. டோன் அருமை, இரைச்சல் ஸ்ட்ராட்டுக்குக் குறைவில்லை. பதிவுக்கூடத்துக்குச் சரி.

கமகம் வாசிப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு

தந்தியை இழுத்து வளைத்து வாசிக்கும் கை, பிக்கப்பிடம் கேட்பது வேறு. தனித்தனித் தண்டு வைத்த பிக்கப்பில் தந்தி தன் தண்டை விட்டு நகரும்போது ஒலி சிறிது தாழும். நீளமான இழுப்பில், சுத்த ஒலியில் இது காதில் படும். நீள்பட்டை வைத்த வகையில் தாழாது, இ.எம்.ஜி. 81-இன் உள்ளே இருப்பது பட்டைதான், ஸ்ட்ராட் அளவில் டங்கனின் ஹாட் ரெயில்ஸும் அப்படி. தண்டு வகையையே போடுவதென்றால் தண்டுகளின் இடைவெளி பார்த்து வாங்க வேண்டும். பழைய கிப்சன் அளவு முதல் தண்டிலிருந்து ஆறாவது வரை சுமார் 49 மில்லிமீட்டர். டிரெமொலோ பிரிட்ஜ் உள்ள கித்தார்களுக்கு 51 முதல் 53. ஸ்ட்ராட் வகைக் கித்தாரின் பிரிட்ஜில் 49-ஐப் போட்டால் முதல் தந்தியும் ஆறாவதும் இழுப்பதற்கு முன்னாலேயே தண்டுக்கு வெளியே நிற்கும்.

அதைவிட முக்கியம் காந்த இழுப்பு. அல்னிகோ தண்டுள்ள நெக் பிக்கப்பைத் தந்திக்கு மிக அருகில் ஏற்றினால் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும். ஆறாவது தந்தியை 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் வாசித்தால் ஒரே சுரத்தில் இரண்டு சுருதி கேட்டு அலையடிக்கும். ட்யூனர் நிலைக்கு வராது. பிரிட்ஜ் சேடிலை எவ்வளவு நகர்த்தினாலும் சுருதி சேராது. கித்தாரே கோணல் என்று நினைத்துவிடுவார்கள். திருப்புளியால் பிக்கப்பை இறக்கினால் போயிற்று.

ஃபெண்டர் தரும் அளவு, கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்தி அளந்தால், ஆறாவது தந்திப் பக்கம் 2.4 மில்லிமீட்டர், முதல் தந்திப் பக்கம் 2.0. கிப்சன் ஹம்பக்கருக்கு நெக்கில் 2.4, பிரிட்ஜில் 1.6. இவை தொடக்க இடம்தான். அங்கிருந்து கால் சுற்று கால் சுற்றாகத் திருகிக் கேளுங்கள். 1 மில்லிமீட்டர் இறக்குவது கொடுக்கும் மாற்றம் சில சமயம் பிக்கப்பையே மாற்றியதற்குச் சமம், காசும் இல்லை.

மாட்டுவதில் வரும் தகராறு

டங்கனும் டிமார்சியோவும் நான்கு ஒயர் கொடுப்பார்கள், ஆனால் நிறம் வேறு. டங்கனில் கறுப்பு சூட்டு முனை. வெள்ளையும் சிவப்பும் ஒன்றோடொன்று சேர்ந்து தனியே மூடப்பட வேண்டும். பச்சையும் வெற்று ஒயரும் நிலம். டிமார்சியோவில் சிவப்பு சூட்டு முனை; கறுப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று; பச்சையும் வெற்றும் நிலம். டங்கன் படத்தைப் பார்த்து டிமார்சியோவை மாட்டினால் மூக்கடைத்த ஒலியோ மௌனமோதான் கிடைக்கும்.

இரண்டு நிறுவனப் பிக்கப்பைக் கலந்து போட்டு, சுவிட்சை நடுவில் வைத்ததும் ஒலி மெலிந்து தகரம் போல் கேட்டால் இரண்டும் எதிர்க்கட்டத்தில் இருக்கின்றன. மாட்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, சிவப்பு முனையைச் சூட்டு ஒயரிலும் கறுப்பை நிலத்திலும் பிடித்து, தண்டுகளின் மேல் திருப்புளியை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுங்கள். எடுக்கும் நொடியில் எண் ஒரு பக்கம் துள்ளும், கூடவோ குறையவோ. இரண்டு பிக்கப்பும் ஒரே பக்கம் துள்ளினால் சரி. வேறு பக்கம் என்றால் ஒன்றில் சூட்டு முனையையும் பச்சையையும் இடம் மாற்றுங்கள். வெற்று ஒயர் நிலத்திலேயே இருக்கட்டும். பின்னல் உறையுள்ள ஒற்றை ஒயர்ப் பிக்கப்பில் இப்படி மாற்றக்கூடாது: உறையே சூட்டு முனையாகிவிடும், கை பட்டால் இரையும்.

வால்யூம் பாட்டின் முதுகில் நில ஒயரைச் சாலிடர் செய்ய 40 வாட் இரும்பும் பட்டையான முனையும் வேண்டும். 63/37 ஈயம் 183 டிகிரியிலேயே உருகும். ஆனால் பாட்டின் முதுகு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சின்ன இரும்பை வைத்து நிமிடக்கணக்கில் அழுத்தினால் உள்ளே கார்பன் தடம் வெந்து, திருகும்போதெல்லாம் கரகரக்கும். முதுகை முதலில் உப்புத்தாளால் தேய்த்து, ஈயம் பூசி, பிறகு ஒயரை வைத்தால் மூன்று நொடி வேலை.

சாமான்களுக்கு புடு வட்டாரத்தில் ஜாலான் பாசார் போதும்: ஈயம், ரெசிஸ்டர், கேப்பாசிட்டர், 9 வோல்ட் கிளிப், மல்டிமீட்டர் எல்லாம் அந்தத் தெருவில் கிடைக்கும். பாட் வாங்கும்போது 'ஏ 500 கே' என்று முத்திரை பார்த்து வாங்குங்கள். 'பி' என்றால் நேர்கோட்டு வகை, வால்யூம் கையில் நிற்காது. அமெரிக்க சி.டி.எஸ். பாட்டின் கழுத்து 9.5 மில்லிமீட்டர், ஆசியக் கித்தார்களின் சின்னப் பாட்டுக்கு 7 மில்லிமீட்டர் துளைதான் இருக்கும். துளையைப் பெரிதாக்க மனமில்லாவிட்டால் அதே சின்ன அளவிலேயே வாங்கிவிடுங்கள். ஒலியில் வித்தியாசம் ஒன்றுமில்லை.

கேட்டுப் பார்த்து வாங்க நினைப்பவர்கள், தனி பிக்கப் பெட்டியைத் தேடி அலைவதைவிட, அந்த பிக்கப்பைத் தொழிற்சாலையிலேயே மாட்டி வந்த கித்தாரைப் பெரிய கடையில் எடுத்து வாசித்துப் பார்ப்பது மேல்; முத்தியாரா டாமன்சாராவில் இருக்கும் பென்ட்லி மியூசிக் போன்ற இடங்கள் அதற்கு வசதி. சொந்தக் கேபிளைக் கையோடு கொண்டு போங்கள். கையில் காசு குறைவு என்றால் கொரியாவின் ஆர்டெக்கும் வில்கின்சனும் கேவலமில்லை. அல்னிகோ 5, 8 கிலோ ஓம் அளவில் ஒன்றை எடுத்து உயரத்தைச் சரியாக வைத்தால் 59-இன் குணத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மெழுகில் தோய்க்காத வகை ஒன்று வந்து மாட்டிக்கொண்டால் மானிட்டருக்கு முன்னால் கீச்சிடும். மூடியைத் திருப்புளியால் தட்டும்போது டக்-டக் என்று ஸ்பீக்கரில் பலமாகக் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்குவதென்றால், 2024 ஜனவரி 1 முதல் 500 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருள்களுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி இருக்கிறது. விலையை ஒப்பிடும்போது அதையும் அனுப்பும் செலவையும் கூட்டிப் பாருங்கள். உள்ளூர்க் கடையின் விலை பல சமயம் அதற்குள் வந்துவிடும். கழற்றும் பழைய பிக்கப்பின் ஒயரை வெட்டாமல் ஈயத்தை உருக்கி எடுங்கள், ஸ்பிரிங்கையும் திருகையும் அதே பையில் போட்டு வையுங்கள். ஒயர் குட்டையான பிக்கப்பை யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள்.